பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையனுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுப்பது எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பையனுக்கு 7 வயது, ஆட்டிசம். பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நிற்கிறது. பந்தைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வரவில்லை. பி.டி. பீரியடில் "சொன்னா கேக்க மாட்டேங்கான்" என்று வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். வீட்டில் அவனுக்குப் பிடித்த வேலை, அண்ணனுடைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பது. பேச்சுப் பயிற்சிக்கே நேரம் போதவில்லை, இதில் விளையாட்டுக்கும் மெனக்கெட வேண்டுமா, மெனக்கெட்டால் எங்கே தொடங்குவது என்கிறார்.

மெனக்கெடத்தான் வேண்டும். சிறப்புப் பள்ளியில் பல வருடம் விளையாட்டு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த "சொன்னா கேக்க மாட்டேங்கான்" என்பதைப் பார்ப்போம். அவன் கேட்காமல் இல்லை. நாம் சொல்வது அவன் உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. மற்ற பிள்ளைகள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தே பாதி விளையாட்டைக் கற்றுக்கொள்வார்கள். பாண்டி ஆடுவதற்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. அக்கா நொண்டுவதைப் பார்த்துத் தங்கை நொண்டுவாள். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு இந்தப் பார்த்துச் செய்தல்தான் கடினம். அடுத்தவர் உடம்பு அசைவதைத் தன் உடம்பில் எங்கே, எந்த வரிசையில் கொண்டுவருவது என்று பிடிபடுவதில்லை. இதோடு தசை இறுக்கம் குறைவு, மூட்டு தளர்வு, நுனிக்கால் நடை, தன் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வில் குழப்பம் என்று பிள்ளைக்குப் பிள்ளை வேறு சிலவும் சேரும். 2020-இல் அமெரிக்காவில் அஞ்சனா பட் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 5 முதல் 15 வயது வரையிலான 16,000-க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்களைப் பார்த்தது. அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு உடல் ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்கக்கூடும் என்பது அதன் முடிவு. அப்படியிருந்தும் ஆட்டிசம் என்று எழுதிக்கொடுக்கும்போது பேச்சு, பழக்கம், பார்வைத் தொடர்பு எல்லாம் வரும், குதிக்கிறானா, பந்து பிடிக்கிறானா என்ற வரி பல அறிக்கைகளில் இருக்காது.

கனடாவின் கேரன் ஸ்டேபிள்ஸும் கிரெக் ரீடும் 2010-இல் ஓர் ஒப்பீடு செய்தார்கள். 9 முதல் 12 வயதுவரை உள்ள ஆட்டிசக் குழந்தைகளின் ஓட்டம், தாண்டல், எறிதல், பிடித்தல் எல்லாம் ஏறத்தாழ அவர்கள் வயதில் பாதியே உள்ள மற்ற பிள்ளைகளின் அளவில் இருந்தன. இதை நான் அச்சுறுத்தச் சொல்லவில்லை. கணக்குக்குச் சொல்கிறேன். உங்கள் பையனுக்கு 7 வயது என்றால் மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பந்தை எவ்வளவு தூரத்திலிருந்து போடுவீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்திட்டத்தில் இருந்து தொடங்கினால் அவன் தோற்பான், பி.டி. சாரும் தோற்பார்.

இனிப் பந்துக்கு வருவோம். பந்து பிடிப்பதை ஒரே வேலை என்று நாம் நினைக்கிறோம். அது ஐந்தாறு வேலை. பந்தைக் கண் பின்தொடர வேண்டும், எப்போது வந்துசேரும் என்று கணிக்க வேண்டும், அதற்கு முன்பே இரண்டு கையும் நீள வேண்டும், விரல் விரிய வேண்டும், பட்டவுடன் மூட வேண்டும். முகத்தைத் திருப்புகிறான் என்றால் பந்து வருவது அவனுக்குத் தெரிகிறது என்றுதான் பொருள். அடி விழும் என்று பயப்படுகிறான். பயம் போக வேண்டுமானால் அடிக்கவே முடியாத பொருளில் தொடங்க வேண்டும்.

உங்கள் பழைய துப்பட்டா ஒன்றை எடுத்து உயரே வீசுங்கள். மெதுவாக, அலைந்து அலைந்து இறங்கும். முகத்தில் விழுந்தாலும் சிரிப்புதான் வரும். பலூனும் நல்லதுதான், ஆனால் வெடிச்சத்தத்துக்கு மிரளும் பிள்ளை என்றால் ஒருமுறை வெடித்ததோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். துப்பட்டா வெடிக்காது. இரண்டு மூன்று நாள் அதைக் கையால் பற்றப் பழகியதும் பந்தை எடுங்கள். பெரிய பந்து, பாதிக்காற்று இறக்கியது. குழையும், கையில் நிற்கும், குதித்து ஓடாது. தரையின் நிறத்தோடு கலக்காத பளிச்சென்ற நிறமாக இருக்கட்டும்.

முதலில் இருவரும் காலை அகட்டிப் போட்டு எதிரெதிரே தரையில் உட்கார்ந்து உருட்டுங்கள். அவன் முதுகு சுவரில் சாய்ந்திருந்தால் நல்லது. அது நன்றாக வந்தபின் நிற்க வையுங்கள். ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அவன் நீட்டிய கையிலேயே பந்தை வையுங்கள். அவன் மூடினால் போதும், அது ஒரு பிடி. அடுத்து ஒரு சாண் மேலிருந்து விடுங்கள். பிறகு ஒரு முழம். பிறகு நீங்கள் ஒரு எட்டு பின்னே போய் மெல்லப் போடுங்கள். கடைசி வேலையை முதலில் கற்றுக்கொடுத்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கிப் போகும் முறை இது. இதில் உள்ள லாபம், ஒவ்வொரு தடவையும் பந்து அவன் கையில்தான் முடிகிறது. பத்துக்கு எட்டு தடவை பிடித்த பிறகுதான் தூரத்தைக் கூட்டுங்கள். சாணிலிருந்து முழத்துக்குப் போகவே மூன்று வாரம் ஆன பிள்ளைகள் உண்டு. அது குறையில்லை.

இந்த நேரம் முழுக்க நீங்கள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் மிகக் கடினமான பாடம். "கண்ணா, இங்க பாரு, அம்மாவப் பாரு, கைய நீட்டு, நீட்டுடா, பந்து வருது பாரு, புடி, புடி, அய்யய்யோ விட்டுட்டியே" என்று மூன்று நொடிக்குள் பதினைந்து சொல் அவன்மேல் விழுகிறது. சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதே சிரமமாக இருக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தில் கையையும் பார்க்கச் சொன்னால் எங்கே போவான்? ஒரே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "பிடி". வீட்டில் "பிடி" என்றால் பள்ளியிலும் "பிடி". அங்கே "கேட்ச்", தாத்தா வந்தால் "ஏந்திக்கோ" என்று மூன்று மொழி வேண்டாம். சொன்னபிறகு மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அவனுக்கு அந்தச் சொல் காதிலிருந்து கைக்குப் போக நேரம் ஆகும். நடுவில் மறுபடி சொன்னால் முதலிலிருந்து தொடங்கும்.

சொல்லுக்குப் பதில் படம். அட்டையில் கோட்டுப்படம் போதும்: கை நீட்டிய பையன், பந்தை அணைத்த பையன். ஃபோனில் அவனையே எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்காவில் கேசி பிரெஸ்லினும் மேரி ருடிசிலும் 2011-இல் இதைச் சோதித்தார்கள். அதே குழந்தைகள், அதே இயக்கத்திறன் தேர்வு. வழக்கமான முறையில் கேட்டபோது எடுத்த மதிப்பெண்ணைவிட, என்ன செய்ய வேண்டும் என்று ஒற்றைப் பட அட்டை காட்டிக் கேட்டபோது எடுத்த மதிப்பெண் கூடுதல். உடம்பு அதேதான், கேள்வி புரிந்தது, அவ்வளவே.

எத்தனை தடவை, எப்போது முடியும் என்பதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் 1970-களில் உருவாக்கிய டீச் என்னும் கற்பிக்கும் முறையின் சாரமே இதுதான்: என்ன வேலை, எவ்வளவு வேலை, எப்போது முடியும், அடுத்து என்ன. நம் வீட்டில் இதற்கு இரண்டு வாளி போதும். இடது வாளியில் ஐந்து பந்து. ஒவ்வொன்றாகப் பிடித்து வலது வாளியில் போட வேண்டும். இடது வாளி காலியானால் முடிந்தது. அடுத்தது சைக்கிள் சக்கரம். ஆமாம், அந்தச் சக்கரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள். ஐந்து பந்து பிடித்தால் இரண்டு நிமிடம் சக்கரம் சுற்றலாம். மிட்டாய், சிப்ஸ் எல்லாவற்றையும்விட இது நல்ல பரிசு, ஏனென்றால் அவனே தேர்ந்தெடுத்தது. "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று ஆறாவது பந்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை ஏமாற்றினால் அடுத்த நாள் வாளியைப் பார்த்தாலே ஓடுவான்.

கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தால் எதிரில் நிற்காமல் பின்னால் நில்லுங்கள். எதிரில் நின்றால் அவன் உங்கள் முகத்தைச் சமாளிக்க வேண்டும், இடவலம் வேறு மாறும். தொடுவது அழுத்தமாக இருக்கட்டும், பூப்போல் தொட்டால் பல பிள்ளைகளுக்குக் கூசும். முதலில் மணிக்கட்டு, சில நாளில் முழங்கை, பிறகு தோள், பிறகு தொடாமல் விரலால் சுட்டினால் போதும் என்று கையை விலக்கிக்கொண்டே வர வேண்டும். மணிக்கட்டிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் உங்கள் கை இருந்தால்தான் பந்து பிடிப்பான். கையை உதறி இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்துச் சொல்லிக்கொடுக்கும் எதுவும் விளையாட்டு இல்லை. அப்படிச் செய்யும் இடங்கள் இருக்கின்றன, அங்கே பணம் கட்டாதீர்கள்.

குதிப்பதற்கு வாசற்படி இருக்கிறது. கடைசிப் படியில் நிற்க வைத்து, கீழே ஒரு மெத்தையோ மடித்த ஜமுக்காளமோ போட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். முதலில் ஒரு கால் முன்னே வரும், வரட்டும். ஜமுக்காளத்தின்மேல் அவன் பாதத்தையே வரைந்து வெட்டிய இரண்டு அட்டைப் பாதங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி வையுங்கள். கால் அதைத் தேடிப் போகும். மேலிருந்து கீழே குதிப்பது வந்தபின் சமதரையில் துள்ளல், பிறகு கோலப்புள்ளி மாதிரி சாக்பீஸ் வட்டங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு. இதற்குமேல் இதில் விவரிக்க ஒன்றுமில்லை, அடிக்கடி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டத்தில் ஒரு எச்சரிக்கை. "ஓடு" சொல்லிக்கொடுக்கும் முன் "நில்" சொல்லிக்கொடுங்கள். "ஓடு" என்றால் ஓடிக்கொண்டே இருப்பான், எங்கே நிற்பது என்று நாம் சொல்லவில்லையே. கேட் திறந்திருந்தால் ரோடுதான். முடியும் இடத்தில் ஒரு வளையமோ பாயோ போட்டு, அதில் வந்து நிற்பதுதான் ஓட்டத்தின் முடிவு என்று பழக்குங்கள். பாளையங்கோட்டை வெயிலில் இன்னொன்று: தாகம், களைப்பு, வலி இதெல்லாம் தனக்கு இருக்கிறது என்றே சில பிள்ளைகளுக்குப் பிடிபடாது. கேட்டால் கொடுக்கலாம் என்று இருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள்.

விசில் பற்றிச் சொல்ல என் கதையே இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பி.டி. வாத்தியார் என்றால் விசில்தானே என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்ற ஒரு பையனின் காதுக்குப் பக்கத்தில் ஊதிவிட்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது. பிறகு இரண்டு மாதம் என் காக்கிநிறத் தொப்பியைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னால் போய்விடுவான். விசிலைவிட்டுக் கொடி அசைக்கப் பழகினேன். தொப்பியையும் மாற்றினேன். உங்கள் பள்ளியிலும் முதலில் கேட்க வேண்டியது, "விசில் அடிக்கும்போது இவன் என்ன செய்கிறான்?" என்பதைத்தான். மரத்தடி அவனுக்குத் தண்டனையாக இல்லாமல் நிம்மதியாக இருக்கவும் வாய்ப்புண்டு.

பேச்சா, விளையாட்டா என்று கேட்டீர்கள். போட்டி இல்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கெர்ன், கேகல் முதலியோர் செய்த ஆய்வுகளில், சிறிது நேரம் நன்றாக ஓடிவிட்டு வந்த பிள்ளைகளிடம், அவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் கை உதறல் போன்றவை குறைந்து, அடுத்துச் செய்த வேலையில் சரியான பதில்கள் கூடின. லேசாகப் பந்து விளையாடிவிட்டு வந்தபோது அந்த மாற்றம் இல்லை. ஆகவே மூச்சு வாங்க ஓடிவிட்டுப் பேச்சுப் பயிற்சிக்கு உட்கார வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: கை உதறலை நிறுத்துவதற்காக ஓட வைக்காதீர்கள். அது அவனுக்குத் தேவைப்படுவதால் செய்கிறான். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் நாளுக்குச் சராசரி குறைந்தது 60 நிமிடம், மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. ஒரே மூச்சில் இல்லை, பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் சரி. தண்ணீர் வாளி தூக்குவது, மளிகைப் பையைக் கொண்டுவருவது, துணி பிழிவது எல்லாம் மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்தால் கணக்கில் சேரும். கனமான வேலை பல பிள்ளைகளைச் சாந்தப்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன்.

நீச்சலை நான் விருப்பப் பாடமாகவே கருதுவதில்லை. ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு, சொல்லாமல் கிளம்பிப் போகும் பழக்கமும் சிலருக்கு உண்டு. 2017-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆட்டிசமுள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு பொதுவான பிள்ளைகளைவிட 160 மடங்கு. தாமிரபரணியும் வாய்க்காலும் மூடாத கிணறும் உள்ள ஊரில் இருந்துகொண்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆற்றுப் படித்துறையில் தொடங்க வேண்டாம். ஆழம் மாறாத, தரை தெரிகிற நீச்சல்குளம் வேண்டும். கையில் மாட்டும் காற்றடைத்த பட்டையை நம்பாதீர்கள். கைவீச்சு, கால் உதைப்பு எல்லாம் பிறகு. முதல் பாடம், தண்ணீருக்குள் விழுந்தால் திரும்பி விளிம்பைப் பிடித்து ஏறி வெளியே வருவது. அதை அவன் தூக்கத்தில்கூடச் செய்ய வேண்டும், சட்டை டிரவுசரோடும் செய்ய வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் நிற்கும்படி மட்டுமே. நீந்தக் கற்ற பிறகும் ஒரு கண் அவன்மேல் இருக்கத்தான் வேண்டும்.

பயமுறுத்தியதற்கு ஈடாக ஒன்று சொல்கிறேன். மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் ஆட்டிசம் உள்ள பெண். 2022 மார்ச்சில், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தார். உங்கள் பையனும் பாக் நீரிணையைக் கடப்பான் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேறு. ஆனால் நீச்சலில் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும், எதிரணி கிடையாது, யாரும் பந்தை முகத்தில் எறிய மாட்டார்கள். ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை. கராத்தேயில் கட்டா என்ற வரிசையும் இப்படித்தான், தனியாக, ஒரே ஒழுங்கில். 2012-இல் ஈரானில் 14 வாரம் கட்டா பழக்கிப் பார்த்து, திரும்பத் திரும்பச் செய்யும் சில பழக்கங்கள் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பக்கத்தில் பொறுமையான சிலம்ப ஆசான் யாராவது இருந்தால், கம்பு இல்லாமல் காலடி மட்டும் சொல்லிக்கொடுக்கக் கேளுங்கள். கபடி, கால்பந்து எல்லாம் கடைசியில். அதில் பத்துப் பேர் பத்துப் பக்கம் ஓடுவார்கள், நிலைமை நொடிக்கு நொடி மாறும்.

பள்ளியில் சண்டை போடாமல் பேசுங்கள், ஆனால் உரிமையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடங்கும். அரசு நிதி பெறும், அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பி.டி. சாரிடம் சட்டத்தை நீட்டாதீர்கள். இரண்டு வாளியையும் ஐந்து பந்தையும் படஅட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்து, "முதல் பத்து நிமிடம் இதுமட்டும் செய்யட்டும் சார், கூட ஒரு பையனை நிறுத்துங்கள்" என்று கேளுங்கள். அறுபது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்ப்பவருக்குச் செய்யக்கூடியதாக ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் செய்வார். செய்யாவிட்டால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக அந்தச் சைக்கிள். சக்கரம் சுற்றுவதில் இவ்வளவு ஆசை உள்ளவன் என்றாவது அதன்மேல் ஏறுவான். பக்கச் சக்கரம் மாட்டாதீர்கள். அது இருக்கும்வரை உடம்பு சாய்ந்து சமன்செய்யக் கற்காது. அவன் உயரத்துக்கு ஏற்ற சின்ன சைக்கிள் ஒன்றை வாங்கி, இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை இறக்குங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும். கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும் நாள் வந்தபின் பெடலை மாட்டுங்கள். கழற்றும்போது கவனம்: இடது பெடலின் மரை எதிர்த்திசை. சைக்கிளை நிமிர்த்தி வைத்து, ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, எந்தப் பக்கமானாலும் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழன்றுவிடும். இது தெரியாமல் நான் ஒரு பெடலை இறுக்கி இறுக்கி மரையைத் தின்ன வைத்து, கடைசியில் கடைக்காரரிடம் திட்டு வாங்கினேன்.